திருப்பாலைத்துறையும் பட்னாவும்: இரண்டு களஞ்சியங்கள் வன்னிக்குச் சொல்லும் கணக்கு

வன்னியில் நாம் குளத்தைப் பற்றி ஓயாமல் பேசுவோம். வயலைப் பற்றியும் பேசுவோம். வெட்டிய நெல் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் பேச்சுக் குறைவு. மல்லாவியில் எந்தக் கமக்காரரைக் கேட்டாலும் வவுனிக்குளத்தில் இன்று எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுவார். தன் நெல் எந்தக் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் இருந்தது என்று கேட்டால் பலருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அது வரம்பிலிருந்தே லொறி ஏறிப் போயிருக்கும். நெல்லை வைத்திருக்க முடிந்தவன்தான் விலை பேசலாம். வைத்திருக்க இடமில்லாதவன் சொல்லும் விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே களஞ்சியத்தின் வரலாறு வெறும் கட்டட வரலாறு ஆகாது. விளைவித்தவனுக்கும் சாப்பிடுபவனுக்கும் இடையே அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற வரலாறும் அதுவே.

இந்தக் கட்டுரை இரண்டு பழைய களஞ்சியங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஒன்று தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலில் நிற்கும் செங்கல் நெற்களஞ்சியம். மற்றையது பீகாரின் தலைநகர் பட்னாவில் நிற்கும் கோல்கர். இரண்டும் நீராவி இயந்திரம் நம் பக்கம் வருவதற்கு முன் எழுந்தவை. இரண்டும் வட்டமான அடித்தளத்திலிருந்து கூம்பி மேலே குவிபவை. இரண்டிலும் தானியம் மேலே போகும், கீழே வரும். இன்று இரண்டும் வெறுமையாக, அந்தந்த மாநிலத் தொல்லியல் துறைகளின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஒற்றுமை அவ்வளவுதான். கட்டியவர், கட்டிய நோக்கம், அளவு, நிரப்பிய கை, வாழ்ந்த வாழ்க்கை எல்லாவற்றிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அந்த வேறுபாட்டில் வன்னிக்கு ஒரு பாடம் இருக்கிறது.

எழுந்த காரணம்

திருப்பாலைத்துறைக் களஞ்சியம் தஞ்சை நாயக்கர் காலத்தது. இரகுநாத நாயக்கரின் ஆட்சிக்காலமான 1600–1634 அதற்குரிய காலமாகக் குறிக்கப்படுகிறது. அது எந்தப் பஞ்சத்துக்கும் அஞ்சி எழுந்ததில்லை. காவிரியின் கிளையாறுகள் பாயும் அந்தப் பகுதியில் கோயிலுக்கு நிலம் இருந்தது. நிலத்திலிருந்து ஆண்டுதோறும் நெல் வந்தது. வந்த நெல் நைவேத்தியமாகவும் அன்னதானமாகவும் கோயிலில் தொழில் செய்வோரின் படியாகவும் வெளியே போனது. வரவு ஒரு பருவத்தில் மொத்தமாக வரும்; செலவு ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக நடக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே களஞ்சியம் வேண்டியிருந்தது.

நெல்லே சம்பளமாக இருந்த இந்த முறை நாயக்கருக்கும் பழையது. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று கல்வெட்டே சொல்கிறது. இப்படி ஒரு கணக்கு நடக்க வேண்டுமானால் அதன் பின்னால் நெல் கெடாமல் இருக்கும் இடமும், அளந்து கொடுக்கும் கையும், எழுதிவைக்கும் ஏடும் இருந்தாக வேண்டும்.

கோல்கர் பிறந்தது பிணங்களின் நடுவே. 1770ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் வங்காளத்தையும் பீகாரையும் சூறையாடியது. இறந்தோர் ஒரு கோடி இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அப்போது அங்கே வரி தண்டும் உரிமையைக் கையில் வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பனி, மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் வரியைத் தளர்த்த மனம் வைக்கவில்லை என்பதும் உண்மை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1784 சனவரியில், வாரன் கேஸ்டிங்ஸ் தலைமையிலான ஆட்சிக்குழு ஒரு பொதுத்திட்டத்துக்கு ஆணையிட்டது. இனி ஒருபோதும் பஞ்சம் வராமல் தடுப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். பொறியாளர் கப்டன் ஜோன் கார்ஸ்டின் கட்டடத்தை எழுப்பினார். 1786 யூலை 20ஆம் திகதி வேலை முடிந்தது. பின்னாளில் கல்கத்தா நகர மண்டபத்தைக் கட்டியவரும் இவரே.

பிறப்பிலேயே இப்படி ஒரு வேறுபாடு. திருப்பாலைத்துறையில் நெல் முதலில் வந்தது, அதற்காகக் கட்டடம் எழுந்தது. பட்னாவில் கட்டடம் முதலில் எழுந்தது. அதை நிரப்பும் தானியம் யாருடையது, எந்த விலைக்கு, எந்தக் கையால் வாங்கப்படும் என்ற கேள்வி பிறகுக்கு விடப்பட்டது.

வடிவம்

குவித்த தானியம் தண்ணீரும் இல்லை, கல்லும் இல்லை. அது பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். சதுரக் கட்டடத்தில் அந்தத் தள்ளல் நெடுஞ்சுவரின் நடுவை வெளியே வளைத்து, மூலைகளில் வெடிப்பைக் கொண்டுவரும். வட்டச் சுவரில் மூலை இல்லை. சுமை சுற்றிலும் சமமாகப் பகிரப்படும். மேலிருந்து கொட்டும் நெல் தானாகவே கூம்பாகத்தான் குவியும். ஆகவே கூரையும் கூம்பாக இருந்தால் உள்ளே வீண் இடம் குறையும், மழைநீரும் நிற்காமல் வழியும். இரண்டு கட்டடங்களின் உருவத்துக்கும் பின்னால் உள்ள அறிவு இது. இதே அறிவை நம் பக்கத்திலும் பார்க்கலாம். உலர்வலயச் சிங்களக் கிராமங்களில் கம்பும் களிமண்ணும் கொண்டு கட்டி, கல்லின் மேல் நிறுத்தி, வைக்கோலால் கூம்புக்கூரை வேய்ந்த ‘வீ பிஸ்ஸ’ என்னும் நெற்குதிரும் வட்டமானதுதான். நெல் எடுக்க அதன் கூரையையே தூக்கித் திறப்பார்கள்.

திருப்பாலைத்துறைக் களஞ்சியம் ஏறத்தாழ 36 அடி உயரம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த கட்டு. கோல்கர் 29 மீற்றர் உயரம், அதாவது திருப்பாலைத்துறையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். அடியில் அதன் சுவரின் தடிப்பு மட்டும் 3.6 மீற்றர். உள்ளே ஒரு தூண்கூட இல்லை. வெளிச்சுவரைச் சுற்றிக்கொண்டு இரண்டு படிவரிசைகள் உச்சிக்கு ஏறுகின்றன, 145 படிகள். சுமை தூக்குவோர் ஒரு பக்கத்தால் ஏறி, உச்சித் துளையில் கோணியைக் கவிழ்த்து, மறுபக்கத்தால் இறங்கி வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஏறுவோரும் இறங்குவோரும் முட்டிக்கொள்ளாத அந்த ஒழுங்கு நல்ல பொறியியல். அதில் கார்ஸ்டினுக்குரிய மதிப்பைக் கொடுக்கவேண்டும்.

ஆனால் கோல்கரைப் பற்றி எல்லோரும் சொல்வது அதன் கதவுகளைத்தான். அடியில் உள்ள கதவுகள் உட்பக்கமாகத் திறப்பவை. களஞ்சியம் நிரம்பினால் தானியத்தின் பாரம் அவற்றைத் திறக்கவிடாது. இது கார்ஸ்டினின் மடமை என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அதே பாரம் அதைத் தள்ளித் திறந்துவிடும் என்பதையும் நினைக்கவேண்டும். உட்கதவைத் தானியமே சட்டத்தோடு அழுத்திப் பூட்டிவைக்கும். குறை, ஆள் நுழையும் கதவையே தானியம் எடுக்கும் வாயாகவும் வைத்ததில் இருக்கிறது. நம் ஊர் நெற்குதிர்களைச் செய்தவர்கள் அடியில் ஒரு சிறு துளை விட்டு, அதைத் துணியாலோ வைக்கோலாலோ அடைத்துவைத்தார்கள். அடைப்பை எடுத்தால் வேண்டிய அளவு நெல் தானாகச் சொரியும். திரும்ப அடைத்தால் நின்றுவிடும். நாள்தோறும் எடுத்துப் புழங்குகிறவர்களுக்கு வாய் எப்படி இருக்கவேண்டும் என்று தெரியும். ஒரு நாள் வரக்கூடிய பேரிடருக்காகக் கட்டியவர்களுக்கு அந்தப் புழக்கம் இல்லை.

கொள்ளளவு

திருப்பாலைத்துறையின் கொள்ளளவு 3000 கலம். கலத்தின் அளவு காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியது. அண்மைக்காலத் தஞ்சைக் கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூடை. அப்படிப் பார்த்தால் 1500 மூடை. ஏறத்தாழ 85 தொன் நெல். குற்றினால் 55 தொன் அரிசி வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ அரிசி என்று வைத்தால் 300 பேருக்கு ஓர் ஆண்டுச் சோறு. ஒரு கோயிலையும் அதைச் சுற்றி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். அளவு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

கோல்கருக்குச் சொல்லப்படும் கொள்ளளவு 1,40,000 தொன். நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் இந்த எண் தொடர்ந்து அச்சாகிறது. இதைக் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கவேண்டும். அடியின் சுற்றளவு ஏறத்தாழ 125 மீற்றர் என்றால் வெளிவிட்டம் 40 மீற்றர். இரு பக்கச் சுவரின் தடிப்பையும் கழித்தால் உள்விட்டம் 33 மீற்றர். கூம்பாமல் நேரே நிமிர்ந்த உருளையாகவே அதைக் கற்பனை செய்தாலும் உள்ளே 25,000 கனமீற்றர்தான் வரும். அதில் கோதுமையையோ அரிசியையோ கொட்டினால் 20,000 தொன்னைத் தாண்டாது. உண்மையில் அது குவிந்த வடிவம். ஆகவே 10,000 அல்லது 12,000 தொன் என்பதே நம்பத்தக்க எண். வழக்கில் உள்ள எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

10,000 தொன்னும் பெரிய குவியல்தான். 50 கிலோக் கோணியாகக் கொண்டால் 2 இலட்சம் தடவை 145 படி ஏறவேண்டும். ஆள் இருந்தால் அதையும் செய்யலாம். 500 பேர் ஆளுக்கு 20 தடவை வீதம் ஏறினால் 20 நாள் வேலை. ஆகக் கூலியாள் பற்றாமை கோல்கரின் சிக்கலாக இருந்திருக்காது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 10,000 தொன் தானியம் அரைக்கிலோ வீதம் 2 கோடிப் பங்கு. 1770இல் மாண்டதாகச் சொல்லப்படும் ஒரு கோடிப் பேருக்கு அதைப் பங்கிட்டால் இரண்டே நாள்ச் சோறு. பஞ்சத்தை என்றென்றைக்கும் தடுக்க என்று எழுந்த மாபெரும் கட்டடத்தின் கைக்குள் இருந்தது இரண்டு நாள்.

கோயிலுக்குக் கட்டியவர்கள் யாருக்கு, எத்தனை நாளுக்கு என்று தெரிந்து கட்டினார்கள். கம்பனி, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஒன்றைக் கட்டியது.

நிரப்பிய கை

கோல்கரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொதுத்திட்டத்தின் ஒரு பகுதியாக இன்னார் ஆணைப்படி இந்தக் களஞ்சியம் எழுந்தது, இன்னார் கட்டினார், இன்ன நாளில் முடிந்தது என்று அது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில், முதன்முதலாக இதை நிரப்பி மக்கள் முன்னிலையில் மூடியவர் யார் என்று பொறிக்க ஒரு வரி தொடங்குகிறது. பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. 1786இல் விட்ட வெற்றிடம் இன்றும் அப்படியே. கோல்கர் ஒருநாளும் முழுதாக நிரம்பவில்லை. அதுபோல் இன்னொன்றும் எழவில்லை.

கட்டடத்தின் பயனைப் பிற்கால நிகழ்வு ஒன்று இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1873–74இல் பீகாரில் மீண்டும் பஞ்சம் தலைகாட்டியது. அப்போது உயிர்ச்சேதம் மிகக் குறைவு. காரணம், சேர் றிச்சட் ரெம்பிள் பர்மாவிலிருந்து ஏறத்தாழ 4,50,000 தொன் அரிசியைக் கப்பலிலும் இரயிலிலும் இறக்குவித்தது. கோல்கர் அதே பட்னாவில் நின்றது. உயிர்களைக் காத்தது வெளியிலிருந்து வந்த அரிசியும், அதை வாங்கிப் பகிர வேண்டும் என்று எடுத்த முடிவும். அவ்வளவு செலவு எதற்கு என்று ரெம்பிளைப் பலர் அப்போது குற்றம் சொன்னார்கள். 1876–78இன் பெரும்பஞ்சத்தில் அதே ரெம்பிள் கையை இறுக்கினார். தென்னிந்தியாவில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஒரே மனிதர், இரண்டு முடிவுகள். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் பசியை ஆற்றுவது, கொடுப்பதா வேண்டாமா என்ற அந்த முடிவுதான்.

திருப்பாலைத்துறையில் நெல்லை நிரப்ப எவரும் தனியே ஆணையிட வேண்டியதில்லை. குத்தகை நெல் பருவத்துக்குப் பருவம் வந்தது. அதைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை என்று நான் எழுதமாட்டேன். அந்த நெல்லை விளைவித்தவர்களில் பலர் கோயில் வாசலைக்கூட மிதிக்க விடப்படாதவர்கள். களஞ்சியத்தின் கணக்கில் அவர்கள் உழைப்பு வரவாக ஏறியது. செலவுப் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிது. வியந்து நிற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் தானியம் வந்ததும் போனதும் அந்த ஊரின் கண்முன்னே நடந்தன. அளந்தவனை ஊருக்குத் தெரியும். குறைந்தால் கேட்க வாய் இருந்தவர்கள் சிலராவது அங்கே இருந்தார்கள். பட்னாவில் அந்தச் சிலரும் இல்லை.

ஓய்ந்த விதம், காத்த விதம்

திருப்பாலைத்துறை ஓய்ந்தது தன் வேலையைச் செய்து முடித்த பிறகு. கோயில் நிலத்தின் குத்தகை பணமாக மாறியது. படி சம்பளமாக மாறியது. நெல் அரசின் கைக்குப் போயிற்று. இந்திய உணவுக் கழகம் 1965 சனவரியில் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது தஞ்சாவூரில்தான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்தது. இன்று அந்தப் பகுதிக் கமக்காரர்கள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். மழை பெய்து, திறந்தவெளியில் கிடந்த நெல் முளைத்துவிட்டது என்ற செய்தி அறுவடைக் காலந்தோறும் வருகிறது. நானூறு ஆண்டுக்கு முன் கூரைக்குள் நெல் வைத்த ஊரின் பக்கத்தில் இன்று தார்ப்பாயின் கீழ் நெல்.

இரண்டையும் இன்று அரசு காக்கிறது. கோல்கர் 1979 முதல் பீகார் மாநிலப் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவர் வெடித்தது, படிகள் ஏறுவோர் காலில் தேய்ந்தன. 2010களில் பெரிய சீரமைப்பு நடந்தது. உச்சியில் ஏறிக் கங்கையைப் பார்க்கவும், உள்ளே நின்று குரல் எதிரொலிப்பதைக் கேட்கவும் மக்கள் வந்தார்கள். ஒரு நகரத்தின் அடையாளமாக அது நிலைத்துவிட்டது. தானியத்தோடு உறவு குறைந்த கட்டடத்துக்கு அந்த வாழ்வு பொருத்தமே.

திருப்பாலைத்துறைக்கு அந்தக் கூட்டம் இல்லை. தஞ்சாவூர்–கும்பகோணம் வீதியால் போகிறவர்களில் அதை இறங்கிப் பார்ப்பவர் சிலரே. இருந்தும் தமிழ்நாட்டில் இவ்வகைக் கட்டடத்தைக் காப்பது எப்படி என்பதற்குத் திருவரங்கம் நல்ல சான்று. அங்கே அரங்கநாதர் கோயிலுக்குள் கொட்டாரம் எனப்படும் ஐந்து உருளைக் களஞ்சியங்கள் நிற்கின்றன. அண்மைய திருப்பணியில் அவையும் சேர்த்துச் சீர்செய்யப்பட்டன. கோயிலின் அந்தப் பாதுகாப்புப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. கோபுரத்துக்குக் காட்டும் அக்கறையை நெல் வைத்த இடத்துக்கும் காட்டியதுதான் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கடலுக்கு அப்பால்

உலகின் மறுபக்கத்தில் களஞ்சியம் வேறு பாதையில் வளர்ந்தது. 1842இல் அமெரிக்காவின் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் என்ற வணிகர் ஒரு பட்டியில் வாளிகளைக் கோர்த்து, நீராவி இயந்திரத்தால் சுழற்றி, கப்பலின் அடிவயிற்றிலிருந்து தானியத்தை அள்ளி மேலே ஏற்றினார். அதுவரை கூலியாட்கள் முதுகில் சுமந்த வேலை அது. நம் கமக்காரர் இன்றும் சொல்லும் புசல் கணக்கில், மணிக்கு 1000 புசல் ஏறியது. தானிய எலிவேற்றர் பிறந்த கதை இது. கார்ஸ்டினின் 145 படிக்குப் பதில் கிடைத்தது ஐம்பத்தாறு ஆண்டுகளின் பின்.

அங்கிருந்து கனடாவின் சமவெளி எங்கும் மர எலிவேற்றர்கள் எழுந்தன. 1930களில் அவை 5000க்கு மேல். இரயில்பாதையோரத்தில் சில மைலுக்கு ஒன்று. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஓர் ஊர். பின்னர் லொறிகளும் பெரிய கொங்கிறீற்றுக் களஞ்சியங்களும் வர, மரத்தாலானவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. சஸ்கச்சுவானின் ஃபிளெமிங் என்ற ஊரில் 1895இல் எழுந்து அதே இடத்தில் நின்ற ஒன்றைப் பாதுகாக்க ஊரார் பாடுபட்டார்கள். 2010இல் அது தீக்கிரையானது. மானிட்டோபாவின் இங்கிலிஸ் ஊரில் வரிசையாக நிற்கும் ஐந்து எலிவேற்றர்கள் தேசிய வரலாற்றுத் தலமாகத் தப்பின. பஃபலோவிலேயே 1897இல் எழுந்த கிரேற் நோர்தேர்ன் எலிவேற்றரின் சுவர் 2021 டிசம்பர்ப் புயலில் சரிந்தது. எதிர்ப்பையும் மீறி அது இடிக்கப்பட்டது. தென்னாபிரிக்காவின் கேப் ரவுணில் 57 மீற்றர் உயரக் களஞ்சியம் ஒன்று 2017இல் ஓவியக்கூடமாக மாறியது. 42 கொங்கிறீற்றுக் குழாய்களின் நடுவே சோளமணி ஒன்றின் வடிவத்தில் வெளியைக் குடைந்து அதன் பழைய வேலையை நினைவில் வைத்தார்கள்.

வன்னிக்கு மிக அருகில் உள்ள பெரிய எலிவேற்றர் திருகோணமலையில் பிறீமா மா ஆலையில் இருக்கிறது. 1980 முதல் இயங்கும் அதற்குள் போவது கப்பலில் வரும் கோதுமை. நம் நெல்லுக்கு அங்கே இடமில்லை.

வன்னியின் கணக்கு

நம் வீடுகளில் கோர்க்காலி இருந்தது. தரையிலிருந்து உயர்த்திய மரத்தட்டில் நெல்லை அடுக்கி, ஈரமும் எலியும் அண்டாமல் வைத்த இடம். நெல்லை உமியோடு வைத்தால் அரிசியை விட நெடுநாள் நிற்கும். அடுத்த போகத்துக்கு விதைநெல், வீட்டுச் சோற்றுக்கு நெல், கொண்டாட்டத்துக்கும் துக்கத்துக்கும் விற்க நெல் என்று மூன்று கணக்கும் ஒரே கூரைக்குள் நடந்தன. அரசு தரப்பில் 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. உத்தரவாத விலைக்கு நெல்லை வாங்கி வைக்க நாடெங்கும், வன்னி மாவட்டங்களிலும், களஞ்சியங்கள் எழுந்தன. 1990களில் சபை முடங்கியது. 2000களின் பிற்பகுதியில் திரும்ப எழுந்தது. இடையில் போர். 2008இல் மல்லாவியும் துணுக்காயும் இடம்பெயர்ந்தபோது நெல்லோடு கோர்க்காலியும் போயிற்று. திரும்பி வந்த பல வீடுகளில் அது திரும்ப எழவில்லை.

எழாமல்போனதற்குப் போர் மட்டும் காரணமில்லை. முன்பு கதிரை வெட்டி, கட்டி, சூடு வைத்து, சில நாள் கழித்தே மிதித்தார்கள். அந்த நாட்களில் நெல் காய்ந்தது. இன்று அறுவடை இயந்திரம் காலையில் வயலில் இறங்குகிறது. பின்னேரம் நெல் மூடையில். அந்த நெல் ஈரம். சபை கேட்பது நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடையவேண்டும். நசிந்தால் இன்னும் காயவேண்டும் என்பது நம் பெரியவர்களின் அளவை. காயப்போடக் களமில்லாதவர்கள் மாசி, பங்குனியில் தார் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிவிட்டு, வாகனத்துக்கும் மழை முகிலுக்கும் காவல் இருக்கிறார்கள். அதற்கும் முடியாதவர்கள் ஈரநெல்லை வியாபாரி சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார்கள். சில மாதம் கழித்து அதே நெல் அரிசியாகி, கூடிய விலையில் அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறது.

நாடு தழுவிய அளவிலும் நிலை அதுவே. 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்தின் சரக்குக் கட்டடங்களில் 2015இல் நெல்லை அடுக்கினார்கள். நெல்லுக்கு இடமின்மை எவ்வளவு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இந்த இரண்டு களஞ்சியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது: களஞ்சியத்தை உயிரோடு வைத்திருப்பது அதில் நெல்லைப் போடுகிறவரும் எடுத்துச் சாப்பிடுகிறவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுதான். அந்த உறவு இருந்ததால் 300 பேருக்கான சிறு கட்டடம் நீண்ட காலம் தன் வேலையைச் செய்தது. அது இல்லாததால் 29 மீற்றர் உயரக் கட்டடம் ஒருநாள்கூட நிரம்பவில்லை. ஆகவே வன்னிக்கு இன்னொரு பெரிய கட்டடம் கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால், யார் நிரப்புவார், யார் திறப்பார், கணக்கு யார் கண்ணுக்குத் தெரியும் என்று நாம் முதலில் கேட்கவேண்டும்.

இதற்குள் நம் கையில் இருக்கும் வேலைகள் உண்டு. துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் என்று பிரதேசம் பிரதேசமாக நிற்கும் சபைக் களஞ்சியங்களையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பழைய கிட்டங்கிகளையும் அளந்து, படம் எடுத்து, எழுதிவைக்கவேண்டும். அரை நூற்றாண்டு வயதுள்ள இந்தக் கட்டடங்களைத் தேடித் தொல்லியல் திணைக்களம் வராது; நாம்தான் போகவேண்டும். அங்கே பொறுப்பாளராக, சுமை தூக்குபவராக, தராசு பிடித்தவராக இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். எவ்வளவு வந்தது, எங்கே போனது, எந்த ஆண்டில் பூட்டு விழுந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். எங்காவது ஒரு வளவில் பழைய கோர்க்காலி மிஞ்சியிருந்தால் அதை விறகாக்காமல் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தலாம். பிரதேசத்துக்கு ஒரு களஞ்சியத்தையாவது கமக்காரர் அமைப்புகளின் பொறுப்பில் விதைநெல்லுக்கும், மூன்று மாதம் விலை பார்த்து விற்க வைக்கும் நெல்லுக்கும் ஒதுக்கவேண்டும். பக்கத்தில் ஒரு காயப்போடும் களமும், வரவுசெலவை எல்லோரும் பார்க்க ஒரு பலகையும் இருந்தால் போதும்.

வேலை செய்யும் களஞ்சியம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஓடு உடைந்தால் அதற்குள் நெல் வைத்தவன் அன்றைக்கே ஏறி மாற்றுவான். மல்லாவியில் அப்படி ஒரு கூரை இருந்தால், அடுத்த பெரும்போகத்தில் விலை சொல்லும் வாய் லொறியில் வந்து இறங்காது. அது வயலிலிருந்தே வரும்.